முதல் பந்திக்கு நாலு பேர்

பேரம் பேசவே இல்லை. அதுதான் செங்கோடனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. முப்பது வருஷமாக நாமக்கல்லில் மண்டபம் பிடித்துக் கொடுத்து, பந்தல் போட்டு, சமையலுக்கு ஆள் அமர்த்தி, பந்தி விசாரித்துப் பேர் வாங்கினவர். பேரம் பேசாத பெண் வீட்டையும் பார்த்ததில்லை, மாப்பிள்ளை வீட்டையும் பார்த்ததில்லை. காரியத்துக்குச் சொல்ல வந்தவர்கள்கூட மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தத் தயிர்ப் பச்சடியக் கழிச்சுட்டா இலைக்கு எவ்வளவுங்க கொறையும்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கொடுக்கப் போகிறவன்தான் குறைக்கச் சொல்லுவான், கொடுக்காதவனுக்கு எந்தத் தொகையும் ஒன்றுதான். ஆனால் இந்த நிவாஸ் கொடுத்துவிட்டானே, மூன்றாம் நாளே முழுசும் வந்துவிட்டதே, அப்புறம் அவனை என்ன சொல்வது என்று செங்கோடன் தன்னைத்தானே மடக்கிக்கொண்டார். மடக்கின கையோடு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது. ஆடி மாசம். ஊரில் ஒரு மேளச்சத்தம் கிடையாது. பரமத்தி ரோட்டு மண்டபத்தில் வௌவால்தான் குடித்தனம் நடத்துகிறது. பாதித் தொகைக்குக் கேட்டிருந்தாலும் எடுத்துக்குங்க சாமி என்று சாவியைக் கையில் கொடுத்திருப்பார். நிவாஸ் சென்னையிலிருந்து வந்தவன், முப்பது வயசு இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, வந்து நின்று, "ஆயிரம் பேர் வர்ற முதலீட்டாளர் மாநாடுண்ணே, கிரிப்டோ, நம்ம காயின் பேரு வளர்பிறை" என்றான். செங்கோடன் கொஞ்சம் வெட்கத்தோடுதான் தொகையை ஏற்றிச் சொன்னார். "ஓகேண்ணே" என்று கை கொடுத்துவிட்டான். வளர்பிறை என்று பேர் வைத்துக்கொண்டு தேய்பிறை அஷ்டமியில் மாநாடு. பஞ்சாங்கத்தைப் புரட்டிக் காட்டினதற்குச் சிரித்தான். கம்ப்யூட்டர் காசுக்கு அஷ்டமி நவமி எல்லாம் கிடையாதாம்.

"அசையாதீங்ணா," என்றான் லோகு. லோகு ஸ்டுடியோக்காரன், செங்கோடனுக்கு நாலைந்து வயசு இளையவன், ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண ஆல்பம் போட்டவன். நாளைக்கு மேடையும் முதல் வரிசையும் கேமராவில் எப்படி விழும் என்று பார்க்க வேண்டும், அதற்கு ஒரு முகம் வேண்டும். அதனால் முதல் வரிசை நடு சோபாவில் செங்கோடனை உட்காரவைத்து, போன வாரம் நிவாஸ் அவருக்குப் போர்த்தின அதே பொன்னாடையைத் தோளில் போட்டுவிட்டு, விளக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தான். முகத்தில் சூடு. பொன்னாடையின் ஜரிகை கழுத்தை அறுத்தது. மணி பன்னிரண்டு ஆகவில்லை. ஒரு மணிக்கு நிவாஸ் சேலத்திலிருந்து வருகிறான். அதே ஒரு மணிக்குப் பூக்காரி பாவாயி மாலைக்கும் மேடைப் பூவுக்கும் மாதிரி காட்ட வருகிறாள். வந்தால் கேட்பாள். திங்கட்கிழமையே கேட்டாள். பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்ணா, நீங்க இதுல போட்டிருக்கீங்ளா?" என்றாள். அவள் புருஷன் லாரி டிரைவர், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரிசாப் பக்கம் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவன். அதற்கு வந்த இன்சூரன்ஸ் பணம் பேங்கில் கிடக்கிறது, மகள் நர்சிங் படிப்புக்கு. "நீங்க போட்டிருந்தீங்கன்னா நானும் போடறேனுங்." அவ்வளவுதான் அவள் கேட்டது, ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை. செங்கோடன் என்ன சொன்னார்? "பாக்கலாம் பாவாயி" என்றார். முப்பது வருஷமாக யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான், பாக்கலாம். இலை கொடுத்தவன் பாக்கிக்கு வந்தாலும் பாக்கலாம், வீட்டில் மனைவி மைலாவதி மூட்டு வலிக்கு டாக்டரிடம் போகலாம் என்றாலும் பாக்கலாம்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பார்க்காமல் என்ன. மூன்று வாரமாக இந்த மாநாட்டு ஏற்பாட்டில் கண்ணில் பட்டது ஒன்றும் நேராக இல்லை. எதிலாவது கோணல் இருந்தால் சொல்லிவிடலாம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியிருந்தால் நம் கழுத்துதான் கோணலோ என்று தோன்றிவிடுகிறது. பக்கவாட்டுக் கதவு இரண்டையும் பூட்டச் சொன்னான். ஏசி குளிர் வெளியே போகுமாம். இந்த மண்டபத்து ஏசி குளிர்ந்து செங்கோடன் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு வைக்கச் சொன்னான். பத்து மணிக்கு வந்த சனத்தை மூன்று மணி வரைக்கும் பட்டினி போடுவதா, நம்ம பக்கம் அப்படிப் பழக்கமில்லை, முதலில் சோறு அப்புறம்தான் பேச்சு என்றதற்கு, "பசி இருந்தாத்தாண்ணே கவனம் இருக்கும்" என்றான். அப்புறம் அந்த மேஜை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற நடையில் குறுக்காக ஒரு நீள மேஜை, அதில் எட்டுப் பெண் பிள்ளைகள், எட்டு லேப்டாப். பதிவு செய்கிறவர்களுக்கு அங்கேயே கணக்குத் திறந்து கொடுப்பார்களாம். சோற்றுக்குப் போகிறவன் அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். இதைப் போய் யார் யோசித்திருப்பார்கள்? பந்தி விசாரிக்கிறவனுக்குத்தான் இது கண்ணில் படும், செங்கோடனுக்குப் பட்டது. பட்டும் மேஜை விரிப்புக்கு என்ன கலர் என்றுதான் கேட்டார். வௌவால் எச்சத்தின் மேல் பினாயில் ஊற்றின நாற்றம் இன்னும் போகவில்லை, நாளைக்குச் சாம்பிராணி போடச் சொல்ல வேண்டும்.

"ஒரு சிரிப்புச் சிரிங்ணா," என்றான் லோகு. சிரித்தார். சிரித்த வாயை மூடுவதற்குள் அந்தப் பறவை ஞாபகம் வந்தது. ஈமு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்குமா, கூடவே இருக்கும். ஊர் ஊருக்கு ஈமு கோழிப் பண்ணை. ஆள் உயரத்துக்குக் கழுத்து, கோழி வளர்த்துப் பழகின சனம்தானே, கோழி பெரிசாக இருந்தால் லாபமும் பெரிசு என்று போய் விழுந்தது. அந்தக் காலத்தில் ஒரு பண்ணைத் திறப்பு விழாவுக்கு இதே செங்கோடன்தான் பந்தல். வாசலில் வாழை மரம், உள்ளே வந்தவர்களுக்கு ஆளுக்கொரு சில்வர் டப்பா. அங்கேயும் பேரம் பேசவில்லை. ஆமாம், அங்கேயும்தான்! இத்தனை நாள் அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை? கொஞ்ச நாளில் கம்பெனிக்காரனைக் காணோம், தீனிக்கு வழியில்லாமல் பறவைகளை அவிழ்த்துவிட்டார்கள். ஒருநாள் விடிகாலையில் பைபாஸ் ஓரம் டீக்கடைக்கு எதிரே ஒன்று நின்றது, எலும்பும் தோலுமாக, இறகெல்லாம் சேறு. ரோட்டைத் தாண்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதில் ரெண்டு பேர் பணம் போட்டவர்கள். அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் செங்கோடனைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன பண்ணினேன், பந்தல் போட்டேன், பந்தல்காரன் மேல் என்ன தப்பு என்று அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் செங்கோடன் மனசுக்குள் வாதாடிக்கொண்டே திரிந்தார். ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கரண்ட் போனது. விளக்கு அணைந்து, தலைக்கு மேல் காற்றாடி நாலு சுற்றுச் சுற்றி நின்றது. லோகு, "அய்யோ, ஜெனரேட்டருக்குச் சொல்லுங்ணா" என்று கத்தினான். வாடகை ஜெனரேட்டர் நாளைக்குத்தான் வருகிறது. சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்று ரெண்டு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்திருந்தார், போன மாசம் வாங்கியிருக்க வேண்டியது. வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்கிற இடத்துக்கு நினைப்பு வரும்போதெல்லாம் அவர் அதை மாட்டைத் திருப்புகிற மாதிரித் தார்க்குச்சி போட்டு வேறு பக்கம் திருப்பிவிடுவார், இப்போது கரண்ட்டும் இல்லாமல் புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் திருப்ப வேறு பக்கம் கிடைக்கவில்லை. போட்டிருக்கிறார். முழுசும் போட்டிருக்கிறார். முதலில் நிவாஸ் அன்பளிப்பாகக் கொஞ்சம் காயின் அவர் போனில் ஏற்றிவிட்டான், "சும்மா வெச்சிருங்கண்ணே, பாருங்க". தினமும் பார்த்தார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பார்த்தார். பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை. தக்காளி விலை இறங்கும், முட்டை விலை இறங்கும், தங்கம்கூட ஒருநாள் போல ஒருநாள் இருக்காது, இது மட்டும் எப்படி ஏறிக்கொண்டே போகிறது என்று அவருக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தின அன்றைக்குத்தான் ஜெனரேட்டர் பணத்தையும் போட்டார். அதை என்னவென்று சொல்ல! சந்தேகம் இருக்கிறவன் ஏமாற மாட்டான் என்று யார் சொன்னது? தான் சந்தேகப்படுகிறோம் என்கிற தைரியத்திலேயே போய் விழுகிறான். வெள்ளிக்கிழமை, அதாவது நேற்று, சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று ஐந்நூறு ரூபாய் மட்டும் வெளியே எடுக்க அழுத்தினார். சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, 'மாநாட்டுக்குப் பிறகு இந்த வசதி திறக்கப்படும்' என்று வந்தது. மறுபடி அழுத்தினார், நூறு. அதே எழுத்து. கல்யாணம் முடியட்டும், எல்லாருக்கும் செட்டில் பண்ணிடறேன் என்று சொல்கிற மாப்பிள்ளையின் தாய்மாமன் குரல் அதில் கேட்டது. அந்தத் தாய்மாமன்களை அவருக்கு நன்றாகத் தெரியும். மைலாவதி, "என்னத்தைப் பாத்துட்டே உக்காந்திருக்கீங்க, இட்லி ஆறுது" என்றாள். ஒன்றும் இல்லை என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

அவளிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளாததை அவளிடம் எப்படிச் சொல்வது? கரண்ட் வந்தது, லோகு அவர் கையில் ஒரு தாளைத் திணித்தான். "சும்மாதான உக்காந்திருக்கீங்க, நிவாஸ் சார் அனுப்புனதுங், முதல் வரிசை யாரு எங்கேன்னு. பேரு ஒட்டோணும்." செங்கோடன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரிசையில் நாலு பேர் மட்டும் தடித்த எழுத்தில். சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருத்தர். ஈரோட்டு டாக்டர். திருச்சியில் காலேஜ் நடத்துகிற ஒருத்தர். இந்த மூன்று பேரும் வரிசையாக எழுந்து, தாங்கள் எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தோம் என்று ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசுவார்களாம், தாளில் அதுவும் இருந்தது. செங்கோடனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம்ம வித்தை! எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் யாரும் தானாகப் போய் உட்கார மாட்டார்கள். வயிறு கிள்ளும், ஆனாலும் சோற்றுக்கு அலைகிறான் என்று யாராவது நினைத்துவிட்டால்? வாசலில் நின்று வாழைமரத்தைப் பார்ப்பார்கள், வராத சொந்தக்காரனுக்குப் போன் பேசுவார்கள். அதற்காகவே செங்கோடன் தன் ஆட்கள் நாலு பேருக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி வரிசை நடுவில் உட்காரவைப்பார். நாலு பேர் உட்கார்ந்ததும் நாற்பது, அப்புறம் தள்ளுமுள்ளு. அவர்களில் ராசப்பன்தான் கெட்டிக்காரன், அவன் உட்காருகிற தோரணையில் இலை போடாத இடத்திலும் சனம் போய் உட்காரும். ராசப்பன். மோகனூர்க் கல்யாணம். அதை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும். அன்றைக்குச் சாம்பாரில் வாடை இருந்தது. சமையல்காரர் வந்து காதோடு சொன்னார், "பருப்பு ராத்திரியே போட்டதுங்க, கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குது." செங்கோடன் முகர்ந்து பார்த்தார். தெரிந்தது. முகூர்த்தம் முடிந்துவிட்டது, முந்நூறு பேர் வாசலில், வேறு பருப்பு வேக ஒரு மணி நேரம். பரிமாறுங்க என்றார், ராசப்பனையும் மற்ற மூன்று பேரையும் உட்காரச் சொன்னார். அவர்களைப் பார்த்துப் பின்னாலேயே பந்தி நிறைந்தது. ராசப்பன் ஒரு வாய் வைத்தான். கத்தவில்லை, ஒருத்தரையும் கூப்பிடவில்லை. இலையை மூடினான், கல்யாண வீட்டில் எல்லாரும் மூடுகிற மாதிரித் தன் பக்கமாக இல்லை, சாவு வீட்டில் மூடுகிற மாதிரி எதிர்ப்பக்கமாக மூடிவிட்டு எழுந்தான். பக்கத்து இலை எழுந்தது, அதற்குப் பக்கத்து இலை எழுந்தது, ஒரு நிமிஷத்தில் முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். அந்த வருஷம் பூராவும் செங்கோடனுக்கு ஒரு முகூர்த்தம் கிடைக்கவில்லை. ராசப்பனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். "ஒரு பச்சப்புள்ள பக்கத்து எலைல உக்காந்திருந்துச்சுங்ணா" என்று மட்டும் சொன்னான். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ.

நாலாவது பேரைப் படிக்காமலே தாளை மடியில் வைத்திருந்தார். படித்தார். செங்கோடன், விழா அமைப்பாளர், நாமக்கல். அடைப்புக்குள் 'பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும்.' இருக்கை நடுவில். அதாவது இப்போது உட்கார்ந்திருக்கிறாரே, இதே சோபா. வெளியூர்க்காரன் மூன்று பேரை யாருக்குத் தெரியும்? இந்த ஊர்க்காரன் ஒருத்தன் வேண்டும், எந்த வீட்டு விசேஷத்திலும் நின்றவன், வெற்றிலை பாக்கோடு வாசல் ஏறினால் யாரும் மறுக்காதவன். பேரம் பேசாதது இதற்குத்தான். வாங்கினது மண்டபத்தை இல்லை. வௌவால் மண்டபத்துக்கு யார் அவ்வளவு கொடுப்பான்? போன வாரம் பொன்னாடை போர்த்தி நடுவில் உட்காரவைத்து லோகுவை விட்டு நாலு கோணத்தில் படம் எடுத்தது, அதை ஊரில் இருக்கிற எல்லா வாட்ஸப் குழுவிலும் போட்டது, மைலாவதியின் தங்கச்சி வரைக்கும் போன் பண்ணி மாமா பெரிய ஆளாயிட்டாரு என்றது, எல்லாம் அவருக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்ட வேலைதான். கட்டினது தெரியாமலே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவமானமாக இருந்தது. ஜெனரேட்டர் பணம் போனதைவிட இது சுட்டது. சரி, இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மாநாடு நாளைக்குத்தான். பாவாயி ஒரு மணிக்கு வருவாள், கேட்பாள், இந்தத் தடவை பாக்கலாம் என்று சொல்லக் கூடாது. வேண்டாம் பாவாயி, போடாதே. அதுதான் சரி. ஏனுங்ணா என்பாள். நான் போட்டேன், போனது போனதுதான், நீ போடாதே. இதைச் சொல்ல வாய் வருமா? வர வேண்டும். ரெண்டு மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். "என்னங்ணா முனகறீங்க, வாய அசைக்காதீங்க" என்றான் லோகு. சொல்லச் சொல்ல மனசு கொஞ்சம் லேசானது. ஒருத்தியையாவது காப்பாற்றிவிட்டோம் என்று அதற்குள் ஒரு பெருமைகூட வந்து உட்கார்ந்துகொண்டது, மனுஷ மனசு லேசுப்பட்டதா.

பாவாயி ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். சம்பங்கி வாசம் முன்னால் வந்தது, அப்புறம் கூடை, அப்புறம் அவள். புதுச் சேலை கட்டியிருந்தாள். கேட்கப் போகிறாள் என்று செங்கோடன் வாயைத் திறந்து வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை. மாலையை எடுத்து நீளம் காட்டினாள், மேடைக்கு எத்தனை முழம் என்று சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பு.

"பாவாயி, திங்கக்கெழம கேட்டியே," என்று அவரே ஆரம்பித்தார்.

"அதையென்னுங் இன்னியும் கேக்கறது, வியாழக்கெழமையே போட்டாச்சுங்ணா. முழுசும். நம்ம பந்தி ஆளுங்க, எலக்கட்டு விக்கற மாரக்கா, எல்லாருமேதான் போட்டோம்." பூவைக் கூடையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "சால்வை போட்டு நடுவால உக்காந்திருக்கீங்களே, அந்தப் போட்டாவப் பாத்தமுங். நீங்களே முதப் பந்தில உக்காந்துட்டீங்க, அப்பறம் எங்களுக்கு என்ன ரோசனை?"

செங்கோடன் உட்கார்ந்தே இருந்தார். விளக்குச் சூடு முகத்தில் அடித்தது. கதவுப் பக்கம் கார் சத்தம் கேட்டதா, இல்லை ரோட்டில் லாரியா. எழுந்தார். தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து சோபா மேல் விரித்து, கையால் நீவி, எதிர்ப்பக்கமாக மடித்து வைத்தார்.

"அண்ணா, உக்காருங்ணா, இன்னும் ரெண்டே ரெண்டு படம்," என்றான் லோகு.

"இல்ல லோகு. நான் எந்திரிச்சுட்டேன். இதப் படம் புடி, புடிச்சு அந்த வாட்ஸப் குழு எல்லாத்துலயும் போடு."

லோகுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவாயிக்கு விளங்கியது. மோகனூரில் அன்றைக்குப் பூ அவள்தான். சோபாவில் மடித்துக் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள், செங்கோடன் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகு போனது. கூடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ளைக்கு வர்ற மாசம் பீஸு கட்டோணுமுங்ணா," என்றாள்.

"தெரியும் பாவாயி. எம்பட தப்பு, நாந்தான் உக்காந்தேன்." பாக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினார். "எந்திரி. முதல்ல போலீசு. அப்பறம் நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் போய்ச் சொல்லோணும். நாளைக்கு வர இருந்தவங்களுக்கும் சொல்லோணும்."

"திட்டுவாங்களேங்ணா."

"திட்டட்டும்," என்று செங்கோடன் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கு இல்லாமல் இந்த ஊரில் அவர் வீடு வீடாக ஏறப் போவது அதுதான் முதல் தடவை.